அளவுக்கு நின்றவள்

ஜூலை 3, புதன்

எழுத்தின் அளவைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாலும் பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் பிடிக்கிறது. எல்கேஜி பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டிருப்பவன் ஆவுடையப்பன், ஓய்வு பெற்ற நிலவியல் பேராசிரியர். நிலவியல் என்றதும் பட்டா மாற்றித் தருவாரா என்று கேட்பவர்கள் பாளையங்கோட்டையில் இன்னும் இருக்கிறார்கள். கல்லைப் படிக்கிற படிப்பு, நிலத்தை அளக்கிற வேலை இல்லை என்று சொல்லிச் சொல்லியே பாதித் தொண்டை போய்விட்டது.

வலது கண்ணில் விழித்திரையின் நடுவில் ஒரு ஓட்டை. இடது கண் படிக்கிற காலத்திலேயே சுத்தியல் அடியில் தெறித்த கல்சில்லுக்குக் கொடுத்தாயிற்று. வெளிச்சம் இருக்கிறதா, யாராவது குறுக்கே வருகிறார்களா என்று மட்டும் அது சொல்லும். ஆக, எனக்கு இருப்பது ஒரு கண், அதிலும் ஒரு ஓட்டை. ஒரு சொல்லைப் பார்த்தால் அந்தச் சொல் இருக்காது, சுற்றி உள்ளதெல்லாம் இருக்கும். வீட்டுக்காரி வடிவைப் பார்த்தால் கம்மல் தெரிகிறது, சேலைக் கரை தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் மேகம். முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்திய மனைவியைப் பக்கவாட்டில் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்று அவளுக்கு முதலில் ஒரே சந்தேகம்.

செவ்வாய்க்கிழமை மதுரையில் ஆபரேஷன். பத்தில் ஒன்பது பேருக்கு ஓட்டை மூடிவிடும் என்றார் டாக்டரம்மா. பத்தாவது ஆள் யார் என்று கேட்டேன்.

"அவரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம் சார்" என்று சிரித்தார்.

மூடாவிட்டால் இனிப் படிப்பு இல்லை, எழுத்து இல்லை, முகம் இல்லை. ஒரு வாக்கியத்தில் எழுதிவிட முடிகிறது.

ஜூலை 6, சனி

பதிப்பாளர் செல்லத்துரை போனில் வந்தான். "சார், கண்ணு நல்லாயிரும். ஏழாம் பாகத்த நெனச்சுக்கிட்டே படுங்க" என்றான். கண்ணைப் பற்றிய அக்கறையா ஏழாம் பாகத்தைப் பற்றிய அக்கறையா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்த பாறை அவன்.

கல்லூரியில் நான் பாடம் நடத்தியதைவிட 'ஏழடுக்கு' எழுதியதுதான் ஊருக்குத் தெரியும். பூமிக்கு அடியில் ஏழு நாடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பறக்கும் மீன், பேசும் உப்பு, நகரும் மலை எல்லாம் உண்டு. ஒரு பாகத்துக்கு ஓர் அடுக்காக ஆழினி என்கிற பெண் இறங்கிக்கொண்டே போகிறாள். ஏழாம் அடுக்கில் ஒரு வாசல் திறந்துகொண்டிருக்கிறது. அதை மூடாவிட்டால் ஏழு நாடும் இடிந்து விழும். உயிருள்ள ஒருவர் அதில் நின்று கல்லானால்தான் மூடும் என்று முதல் பாகத்திலேயே எழுதித் தொலைத்துவிட்டேன். யார் நிற்பார் என்று வாசகர்களுக்கும் தெரியும்.

ஆறு பாகம் வந்தன. ஆறாவது வந்த வருடம் வடிவுக்கு உடம்பு சரியில்லாமல் போய் ஆஸ்பத்திரி அலைச்சல். அதில் விட்டுப்போனது. பிறகு கல்லூரியில் துறைத் தலைவர் வேலை, பிறகு ஓய்வு, பிறகு இந்தக் கண். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஊரெல்லாம் படித்த நாவலை இந்த வீட்டில் மட்டும் படிக்கவில்லை. வடிவு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். "பொய்க்கதைக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு" என்பாள். நானும் மேடைகளில் அதைச் சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருக்கிறேன்.

ஜூலை 8, திங்கள்

பெட்டி கட்டியாயிற்று. மத்தியானம் வடிவு தூங்கும்போது பழைய களப்பயணப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். பக்கவாட்டில் பார்த்தாலாவது அவள் முகம் சரியாகக் கிடைக்கும், நாளைக்கு முன்னால் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இது: பாறையைப் படம் எடுத்தால் பக்கத்தில் ஓர் அளவு வைக்க வேண்டும். சின்னப் பாறைக்குப் பேனா, கொஞ்சம் பெரியதற்குச் சுத்தியல், குவாரிச் சுவருக்கு ஆள். இல்லாவிட்டால் படத்தில் இருப்பது மலையா கூழாங்கல்லா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அளவு இல்லாத படம் செல்லாது. எத்தனை பேருடைய ரெக்கார்டு நோட்டைத் திருப்பி எறிந்திருப்பேன்!

என் படங்களுக்கு வடிவுதான் அளவு. விடுமுறை எடுத்துக்கொண்டு கூடவே வருவாள். "அந்தக் கறுப்புப் பட்டைக்குக் கீழ நில்லு, ஆடாத" என்பேன். நிற்பாள். என் ஆய்வுக் கட்டுரைகளில் படத்துக்குக் கீழே 'நிற்பவர் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்' என்று அச்சாகியிருக்கிறது.

ஒரு பெட்டி நிறையப் படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அவள் இருக்கிறாள், புளியங்கொட்டை அளவில். பாறையின் ஒவ்வொரு கோடும் துல்லியம். அவள் முகம் ஒன்றில்கூட இல்லை. அளவுக்கு நிற்பவருக்கு முகம் தேவையில்லை அல்லவா.

படங்களைத் திரும்ப வைத்துவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

இதை எழுதுவது நானல்ல. நான் சொல்கிறேன், வடிவு எழுதுகிறாள். செவ்வாய் ஆபரேஷன் முடிந்து நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். நாட்குறிப்பை நிறுத்த வேண்டாம், சொல்லச் சொல்ல எழுதுகிறேன் என்று அவளாகத்தான் சொன்னாள். நான் கெஞ்சவில்லை.

(கெஞ்சினார். — வடிவு)

இடையில் எழுதக்கூடாது என்று ஒப்பந்தம்.

கண்ணுக்குள் வாயுவை ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் குமிழி மேலே மிதந்து போய் ஓட்டையை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கண்ணின் பின்பக்கம் மேலே இருக்க வேண்டுமானால் முகம் கீழே பார்க்க வேண்டும். அதனால் பன்னிரண்டு நாள் குப்புறப் படுக்கை. சாப்பிடும்போதும் குனிந்துதான், நடக்கும்போதும் குனிந்துதான். அதோடு குமிழி கரைகிற வரை விமானம் ஏறக்கூடாது, மலை ஏறக்கூடாது என்றார் டாக்டரம்மா. உயரம் போனால் வாயு விரியுமாம். ஜியாலஜிக்காரனைப் பார்த்து மலை ஏறாதே என்கிறார்கள். வாழ்நாள் முழுக்கத் தரையைப் பார்த்து நடந்தவனுக்கு இப்போது தரையை மட்டும் பார் என்று தண்டனை. அதுவும் கண் தெரியாமல்.

முகத்தை வைக்க வசதியாகத் தலையணை எதுவும் ஒத்துவரவில்லை. மூக்கு நசுங்கியது. வடிவு அடுப்படியில் போய்த் தேடி, தவலை உருளாமல் வைக்கிற கயிற்று வளையமான பிரிமணையைக் கொண்டுவந்து, அதில் பழைய வேட்டியைச் சுற்றிக் கொடுத்தாள். முகம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. முனைவர் பட்டம் வாங்கிய தலை இப்போது தவலையின் இடத்தில் இருக்கிறது. சொன்னால் நம்ப மாட்டார்கள், அத்தனை சுகம். அவளுக்கு நன்றி என்று எழுது.

(எழுதிவிட்டேன்.)

ஜூலை 13, சனி

குப்புறக் கிடப்பவனுக்கு மனிதர்கள் காலடிச் சத்தமாக மட்டும்தான் வருகிறார்கள். செல்லத்துரையின் செருப்பு பட்பட்டென்று வாசலிலேயே பேச ஆரம்பித்துவிடும். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான். பிரிமணையில் என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கியது மூச்சிலேயே தெரிந்தது.

"சார், சும்மாத்தான கெடக்கிய. வாய் நல்லாத்தான இருக்கு? சொல்லுங்க, ஆள் அனுப்புதேன், எழுதட்டும்."

"ஏல, நாவல்ங்கிறது மளிகச் சிட்டையா, சொல்லிக்கிட்டே போக?"

"ஆள் எதுக்கு?" என்றது வடிவின் குரல். "நா எழுதுதேன்."

செல்லத்துரை எழுந்து நின்றான் போல. "அக்கா, நீங்க நாவலே படிக்க மாட்டியன்னு சாரு சொல்லுவாவ."

"எழுதத்தான போறேன்? படிக்கவா சொன்னிய?" என்றாள்.

மறுத்துப் பேச வழி இல்லை. நாளைக்கு ஆரம்பம்.

ஜூலை 14, ஞாயிறு

எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் காதால் கேட்டதைக் கையால் குறித்தவள். நான் மூச்சு விடுகிற இடைவெளியில் வரியை முடித்துவிட்டு, "ம்" என்கிறாள். அந்த 'ம்' ஒரு இணைப்புக் கொடுத்த மாதிரி இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பாதி அத்தியாயம் போயிற்று. ஏழாம் அடுக்கின் எல்லைக்கு ஆழினியும் கூட்டமும் வந்துவிட்டார்கள்.

"'ஒன்பது ஆழினி உயரமுள்ள வெள்ளைச் சுவரின் முன்னால் அவர்கள் நின்றார்கள்'" என்றேன். அந்த நாட்டில் உயரத்தை ஆழினியை வைத்துத்தான் அளப்பார்கள். முதல் பாகத்தில் வரைபடம் போடுகிற கிழவர் ஆரம்பித்துவைத்த வழக்கம்.

'ம்' வரவில்லை.

"பதினொண்ணு" என்றாள் வடிவு.

"என்ன பதினொண்ணு?"

"சொவரு. ரெண்டாம் பாகத்துல தூரத்துல இருந்து பாக்கும்போது பதினோரு ஆழினின்னு போட்டிருக்கிய. இப்பம் ஒம்பதுங்கிய. ரெண்டு ஆழினியக் காக்கா தூக்கிட்டுப் போச்சாக்கும்?"

பிரிமணைக்குள் இருந்து தலையைத் தூக்கிவிட்டேன். "குனிங்க, குனிங்க" என்று பிடரியில் ஒரு தட்டுத் தட்டிக் கீழே அமுக்கினாள்.

"நீ படிச்சியா?"

"படிக்கலன்னு நா எப்பம் சொன்னேன்? பொய்க்கதைன்னேன். நீங்களாத்தான மேடை மேடையா அளந்துகிட்டுத் திரிஞ்சிய."

ஆறு பாகமும் படித்திருக்கிறாள். எக்ஸ்சேஞ்சில், கால் வராத நேரத்தில். இரண்டாம் பாகத்தை மூன்று தடவை.

"அது தாழையூத்துப் பக்கம் அந்தப் பழைய குவாரிச் சொவருதான?" என்றாள். "என்னய வெயில்ல நிறுத்திப் படம் எடுத்து, பிரிண்டு வந்த பொறவு ஸ்கேல வச்சு ஒண்ணு, ரெண்டுன்னு என் ஒயரத்த வச்சு எண்ணுனிய. பதினொண்ணு வந்துச்சு. நாந்தான நின்னேன், எனக்குத் தெரியாதா?"

கதாபாத்திரம் வேறு, ஆள் வேறு என்று அவளுக்கு விளக்கினேன். இலக்கியத்தில் அப்படி நேரடியாக ஒருவரை வைத்து எழுதுவது கிடையாது.

(ஆழினிக்கும் இடது கைப் பழக்கம். ஆழினிக்கும் பாகற்காய் ஆகாது. ஆழினியும் கோபம் வந்தால் பாத்திரம் விளக்கப் போய்விடுவாள். இருக்கட்டும். — வடிவு)

ஜூலை 15, திங்கள்

ஒன்பதைப் பதினொன்று ஆக்கியாயிற்று.

ஜூலை 17, புதன்

மூன்று நாளாக நல்ல வேகம். உப்புக் குகைக்கு ஒரு அத்தியாயம், உப்பு மனிதர்கள் கொடுத்த விருந்துக்கு ஒரு அத்தியாயம், விருந்தில் காணாமல் போன கழுதையைத் தேடுவதற்கு ஒரு அத்தியாயம். குற்றாலத்துச் சாரல் காற்று ஜன்னல் வழியாக முதுகில் படுகிறது. குனிந்த கழுத்தில் வலி இருந்தாலும் மனதுக்கு இப்படி ஒரு நிம்மதி வந்து வருடக்கணக்காகிறது. வடிவு ஒரு கையால் சோறு ஊட்டி, மறு கையால் எழுதி, நடுவில் சொட்டு மருந்தும் விடுகிறாள். எனக்கு என்ன குறை?

(கழுதை முந்தின பாகங்களில் கிடையாது. திடீரென்று வந்திருக்கிறது. — வடிவு)

ஜூலை 18, வியாழன்

இன்றைக்கு இவர் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன். பிரிமணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தூங்குவது போல நடிக்கிறார். தூங்கினால் குறட்டை வரும், வரவில்லை.

காலையில் கழுதை கிடைத்துவிட்டது. உடனே கழுதையின் தங்கை தொலைந்துபோயிற்று என்றார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"இவ எப்பம் வாசலுக்குப் போவா?" என்று கேட்டேன்.

"எவ?"

"ஆழினி. வாசலு தெறந்து கெடக்கு, ஏழு நாடும் இடியப் போகுது, இவ கழுதயத் தேடிக்கிட்டுத் திரியுதா."

கதைக்கு ஓட்டம் மட்டும் போதாது, நிலப்பரப்பு வேண்டும், படிவுகள் நிதானமாகத்தான் படியும் என்று ஜியாலஜி சொன்னார். ஒன்பது வருடமாக யார் கேட்டாலும் இப்படி ஏதாவது சொல்கிறார்.

எனக்குக் காரணம் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு மார்பில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ஏழாம் பாகம் எழுதிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிப் பையில் வைத்தார். அதற்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை. எனக்கு ஆபரேஷன் நடந்தது, மருந்து ஏற்றினார்கள், முடி போயிற்று, முடி வந்தது. இப்போது நன்றாக இருக்கிறேன். பாறைக்கு எத்தனை கோடி வயது என்று அடித்துச் சொல்கிற மனுசர், ஆழினியை எழுதாமல் விட்டதால்தான் நான் பிழைத்தேன் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்கிறார். எழுதினால் எனக்கு ஏதாவது ஆகிவிடுமாம்.

இதை இன்று அவரிடமே சொன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். குரல் சரியாக இல்லை.

"நீங்க எழுதாம விட்டா நா சாகாமயே இருந்துருவேனா? கோட்டித்தனமா இருக்கு" என்றேன். "நா போறப்பம் போவேன். அதுக்குள்ள அந்தப் பிள்ளய எத்தன நாள் வாசல்ல காக்கப் போடுவிய?"

இதை எழுதாதே என்கிறார். தூங்கவில்லை என்று சொன்னேன் அல்லவா. எழுதிவிட்டேன்.

ஜூலை 20, சனி

மறுபடி நான்தான் சொல்கிறேன்.

இன்று எழுதினோம். கழுதையையும் தங்கையையும் எடுத்துவிட்டோம். ஆழினி வாசலுக்குப் போனாள். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே ஏறிப் போகிறார்கள். வரைபடம் போடுகிற கிழவர் மட்டும் போக மறுக்கிறார். அவள் அவரைத் தள்ளி அனுப்புகிறாள். அதுவரை குரல் ஒழுங்காக வந்தது.

அவள் நிலைப்படியில் கால் வைத்தாள். அடுத்த வரி ஒன்பது வருடமாக என் தலைக்குள் தயாராக இருக்கிற வரி. வாயைத் திறந்தேன், வரவில்லை. மூக்கிலிருந்து நீர் சொட்டிப் பிரிமணையில் சுற்றிய வேட்டி நனைந்தது. கண் மருந்துதான்.

(இல்லை.)

வடிவு அவசரப்படுத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்து, டிரங்க் கால் காலத்தில் எதிர்முனையில் யாரோ பேசத் தெரியாமல் திணறும்போது சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள்:

"லைன்ல இருக்கேன். சொல்லுங்க."

சொன்னேன். ஆழினியின் பாதத்தில் முதலில் குளிர் ஏறியது, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. கடைசியாக அவள் மேலே ஏறிப்போகிறவர்களின் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். வாசல் மூடியது. ஏழு நாடும் நின்றன. அதற்குப் பிறகு அந்த நாடுகளில் எவ்வளவு உயரமான கட்டடம் கட்டினாலும், எவ்வளவு ஆழமான கிணறு வெட்டினாலும், அவளை வைத்தே அளந்தார்கள். முற்றும்.

"ம்" என்றாள் வடிவு. பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. "முடிஞ்சிட்டா? காப்பி போடவா?"

"போடு" என்றேன்.

எழுந்து போனாள். குப்புறக் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மெட்டிச் சத்தம் கூடத்தைத் தாண்டி அடுப்படி வரைக்கும் போயிற்று. டப்பா திறந்தது, அடுப்பு பற்றியது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. பிறகு மெட்டிச் சத்தம் திரும்பி வந்தது. டம்ளரில் உறிஞ்சுகுழலைப் போட்டு என் வாய்க்குக் கீழே நீட்டினாள்.

"சீனி கொஞ்சம் கொறச்சிருக்கேன்" என்றாள்.

என் வாழ்க்கையில் இப்படி ஒரு காப்பி குடித்ததில்லை.

ஜூலை 22, திங்கள்

தலையைத் தூக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரிமணைக்கு விடை. வடிவு அதைத் துவைத்துக் காயப்போட்டுத் தவலைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கண்ணுக்குள் இன்னும் குமிழி இருக்கிறது. தலையை ஆட்டினால் அதன் விளிம்பு ஆடுகிறது. களத்தில் சரிவு அளக்கிற கருவியில் ரசமட்டக் குமிழி ஒன்று இருக்கும். அது எனக்குள்ளேயே வந்துவிட்டது. குமிழிக் கோட்டுக்குக் கீழே எல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பது மாதிரி. மேலே மட்டும் ஒரு கீற்று தெளிவு. அந்தக் கீற்றில் மின்விசிறி தெரிந்தது. ஒட்டடை அடிக்க வேண்டும்.

(கண் வந்ததும் முதல் வேலை குறை கண்டுபிடிப்பது.)

ஆகஸ்ட் 5, திங்கள்

கோடு நாளுக்கு நாள் இறங்குகிறது. கோடைக்குக் குளத்தில் தண்ணீர் வற்ற வற்றப் படிகள் ஒவ்வொன்றாகத் தெரியுமே, அதே மாதிரி எதிரே உட்கார்ந்து எழுதுகிற வடிவு மேலிருந்து கீழாக வந்துகொண்டிருக்கிறாள். போன வாரம் வகிடும் நரையும். மூன்று நாளைக்கு முன் நெற்றி. இன்று புருவம். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. எப்போது விழுந்தது என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 24, சனி

நானே எழுதுகிறேன். என் கை, என் கண், சின்ன எழுத்து. பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று மதுரையில் டாக்டரம்மா கருவியில் பார்த்துவிட்டு, "மூடிருச்சு சார். நீங்க பத்தாவது ஆள் இல்ல" என்றார். நேர்க்கோடுகள் கொஞ்சம் வளைந்து தெரிகின்றன. அப்படியே இருந்துவிடலாமாம். பூமியில் நேர்க்கோட்டில் கிடக்கிற படிவை நானும் அதிகம் பார்த்ததில்லை.

டாக்டரம்மாவுக்கும், தையல் பிரித்த நர்ஸுக்கும், ஆரஞ்சு வாங்கி வந்த செல்லத்துரைக்கும், பிரிமணையை விட்டுக்கொடுத்த தவலைக்கும் நன்றி. வடிவுக்கு என்று தனியாக ஒரு வரி எழுத உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகிறது. முப்பத்தெட்டு வருடத்துக்கு ஒரு வரி எங்கே போதும்?

குமிழி கரைந்த அன்று காலையில் தோசை போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் நின்று நேராகப் பார்த்தேன். முகம் இருந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில், முழுசாக.

"என்ன, தோசக்கல்லு கிரானைட்டா பசால்ட்டான்னு பாக்கியளா?" என்றாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கையெழுத்துப் பிரதி செல்லத்துரையிடம் போயாயிற்று. பக்கம் அதிகம், தை மாதம் புத்தகம் வரும் என்கிறான். முதல் பக்கத்தில் 'அளவுக்கு நின்றவளுக்கு' என்று போடச் சொல்லியிருக்கிறேன். வடிவுக்கு இன்னும் தெரியாது.

இன்று ஒரு கார் பிடித்துத் தாழையூத்துப் பக்கம் அந்தப் பழைய குவாரிக்குப் போனோம். கைவிட்டு வருடங்கள் ஆயிற்று. தரையெல்லாம் உடைமரம் முளைத்துக் கிடக்கிறது. சுவர் மட்டும் அப்படியே வெள்ளையாக நிற்கிறது. சின்ன வளைவோடு தெரிந்தாலும் அதே சுவர்.

நான் செல்போனை எடுத்ததுதான் தாமதம், வடிவு ஒன்றும் கேட்காமல் முள்ளை ஒதுக்கிக்கொண்டு நடந்து போய், அந்தக் கறுப்புப் பட்டைக்குக் கீழே திரும்பி நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். கைகளைத் தொங்கவிட்டு, ஆடாமல்.

"போதுமா? இன்னும் தள்ளணுமா?" என்று அங்கிருந்து கத்தினாள்.

நான் அவளை நோக்கி நடந்தேன். பாதித் தூரம் வந்ததும், "ஏங்க, இவ்வளவு கிட்ட வந்தா சொவரு முழுசாத் தெரியாதுல்லா" என்றாள். இன்னும் நடந்தேன். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழ இடம்தான் இருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, 'இந்த மனுசருக்கு என்ன ஆச்சு' என்கிற முகம். இடது புருவத்தில் தழும்பு. எடுத்தேன்.

போனை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னதிது, பாறயவே காணும்? மொகம் மட்டுந்தான் இருக்கு. அளவு எங்க?"

அளவு இல்லாத படம் செல்லாது என்று முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளின் நோட்டைத் திருப்பி எறிந்தவன் நான். இந்தப் படத்தில் அளவு இல்லைதான். இருக்கட்டும் என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து முள்ளுக்குள் இருந்து கூட்டிக்கொண்டு வந்தேன்.